துப்பாக்கிக்கும் ராகு காலமா?

சென்ற புரட்டாசியில் ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஓசூர்ப் பக்கத்தில் குறி பார்த்துத் துப்பாக்கி சுடுவதற்கு ஒரு பயிற்சி நடந்தது. அதை நடத்தினவர்கள் பெயரையும் இடத்தையும் நாம் வெளியிடப் போவதில்லை. ஒருவர் பெயரைச் சொன்னால், அதே காரியத்தைச் செய்கிற மற்றப் பேரெல்லாம் "நாங்கள் அல்ல" என்று தப்பித்துக் கொள்வார்கள். பயிற்சிக்கு வந்தவர்கள் ஜமீன்தார் வீட்டுப் பிள்ளைகள் அல்ல. சிப்காட் ஆலைகளில் மிஷின் ஓட்டுகிறவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து விவசாயிகளின் பிள்ளைகள், எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியிலிருந்து வந்த இரண்டு மூன்று பேர். சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டணம் கட்டினவர்கள்; ஓவர்டைம் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள்.

அந்த வாரம் மழை வாரம். பிற்பகலில் இடியும் காற்றும் மழையும் வரும் என்று வானிலை நிலையத்தார் முன்னதாகவே சொல்லியிருந்தார்கள். ஓசூர் மேட்டில் புரட்டாசி, ஐப்பசி மழை பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல்தான் கொட்டும் என்பது அங்கே தக்காளி பயிரிடுகிற எவருக்கும் தெரியும். ஆகவே காலை வேளைதான் சுடுவதற்கு உகந்த வேளை. சனிக்கிழமை ஒன்பது மணிக்கு எல்லோரும் வந்து வரிசையில் நின்றார்கள். வானம் வெளுத்திருந்தது. காற்று இல்லை. அப்போது நிர்வாகிகளில் ஒரு கனவான் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "சனிக்கிழமை ஒன்பது முதல் பத்தரை ராகு காலம், பொறுங்கள்" என்றாராம். பொறுத்தார்கள். பத்தரைக்குத் துப்பாக்கிகளை மேஜைமேல் வரிசையாக வைத்துச் சந்தனம், குங்குமம், மாலை, தேங்காய், எலுமிச்சம்பழம், பூசணிக்காய்! இது முடியப் பன்னிரண்டு. பாடம் ஒரு மணி நேரம். அப்புறம் சாப்பாடு. முதல் ரவை குழலை விட்டுக் கிளம்பும்போது மேற்கே இடி இடித்தது.

சரி, ஞாயிற்றுக்கிழமையாவது ஒழுங்காய் நடந்ததா? அன்றைக்கு விடியும்போதே தூறல். தூறல் நிற்கும் என்று காத்திருந்து, நிற்காமல், பிற்பகலில்தான் மதிப்பெண் பரீட்சையை ஆரம்பித்தார்கள். ஞாயிறு நாலரை முதல் ஆறு ராகு காலம் அல்லவா? "நாலரைக்குள் முடித்தாக வேண்டும்" என்று விரட்டினார்கள். கடைசியில் நின்றவர்கள் நனைந்த கையோடும், மங்கிய மூக்குக் கண்ணாடியோடும், சேற்றில் படுத்துக்கொண்டு அவசர அவசரமாக ஐந்து ரவையும் சுட்டுத் தீர்த்தார்கள். காகிதக் குறி நனைந்து கிழிந்து தொங்கிற்று. எது எவர் போட்ட ஓட்டை என்றே தெரியவில்லையாம். ஆக, ராகு முதல் நாள் தலையையும் மறுநாள் வாலையும் விழுங்கிவிட்டான். கட்டணம் மட்டும் முழுசாய் நின்றது!

இந்த ராகு யார்? வானத்தில் அப்படி ஒரு கிரகம் கிடையாது. சந்திரன் ஓடும் பாதையும் சூரியன் ஓடுவதாகத் தோன்றும் பாதையும் வெட்டிக் கொள்ளும் ஒரு புள்ளிக்கு இட்ட பெயர் அது. புள்ளிக்கு வாரத்தில் ஏழு நாளும் ஒன்றரை மணி நேரம் டியூட்டி போட்டுக் கொடுத்தது யார்? இருக்கட்டும். அந்த ஒன்பது மணி எந்த ஒன்பது மணி? நம் கடிகாரம் காட்டுவது இந்திய நேரம். அது கீழ்த்திசையில் 82½ பாகை ரேகைக்குச் சரியான நேரம். ஓசூரில் சூரியன் அந்த நேரத்துக்குச் சுமார் 19 நிமிஷம் பிந்தித்தான் வருகிறான். 1906க்கு முன் இந்த ராஜதானியில் சென்னை நேரம் புழங்கிற்று. அந்த வருஷம் கடிகாரத்தை ஒன்பது நிமிஷம் முன்னே தள்ளினார்கள். அன்று ராகுவுக்குத் தந்தி கொடுத்து, "நீரும் ஒன்பது நிமிஷம் முன்னதாக வாரும்" என்று எவராவது சொன்னார்களா? ரயில்வே மணி பார்த்து நடக்கிற கிரகத்துக்குப் பயந்துகொண்டு, கண்ணுக்கு முன்னால் திரண்டு வருகிற மேகத்துக்குப் பயப்படாதவர்களை என்னவென்று சொல்லுவது?

பூஜை விஷயமும் அப்படியே. சுடத் தெரிந்த எவரையும் கேட்டுப் பாருங்கள்: துப்பாக்கிக்குச் சத்துரு ஈரமும் மண்ணும் துருவுந்தான். சந்தனக் குழம்பும் குங்குமப் பொடியும் அந்த ஈரத்தையும் மண்ணையும் நாமே கொண்டுபோய் அப்புவது. எலுமிச்சம்பழச் சாறு இரும்பை அரிக்கும். மழை நாளில் துப்பாக்கிக்குச் செய்யவேண்டிய மரியாதை உலர்ந்த துணியும் இரண்டு சொட்டு எண்ணெயுமே. ஓசூர்த் தொழிலாளிக்கு இதை நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. தன் மிஷினுக்கு எண்ணெய் போடாமல் மாலை மட்டும் போட்டால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியும். (ஆயுத பூஜையன்று ஆலை வாசல்தோறும் பூசணிக்காயை நடுரோட்டில் உடைத்து, அதில் வழுக்கி விழுகிறவர்களின் எலும்பையும் உடைக்கிறார்களே, அது வேறு கதை.)

இவ்வளவோடு நின்றிருந்தால் இதைப் பஞ்சாங்கப் பைத்தியம் என்று ஒரு பத்தியில் எழுதிவிட்டுப் போயிருப்போம். மதிப்பெண் குறைந்து நின்ற பிள்ளைகளைப் பார்த்து அதே கனவான் திருவாய் மலர்ந்தருளியதைக் கேளுங்கள்: "இதெல்லாம் ரத்தத்தில் இருக்க வேண்டும். பரம்பரையாய் வரவேண்டிய வித்தை." ஒன்றரை மணி நேரத்தை ராகுவுக்கும், ஒன்றரை மணி நேரத்தைப் பூசணிக்காய்க்கும் கொடுத்தவர், பழியைப் பிள்ளைகளின் ரத்தத்தின்மேல் போடுகிறார்! தோழர்களே, நமக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

ரவை எப்படிப் போகிறது? .22 துப்பாக்கியிலிருந்து கிளம்பும் ரவை வினாடிக்குச் சுமார் 330 மீட்டர் வேகத்தில் போகிறது. 50 மீட்டர் போய்ச் சேருவதற்குள் பூமி அதைச் சுமார் 12 சென்டிமீட்டர் கீழே இழுத்துவிடுகிறது. பக்கத்திலிருந்து சுமாரான காற்று அடித்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஒதுங்குகிறது. அந்தத் தூரத்துக்குப் பந்தயத்தில் வைக்கும் குறியின் நடு வட்டமோ குறுக்களவில் 10.4 மில்லிமீட்டர், நம் சுண்டுவிரல் நகம் அளவு. ஆகவே காற்றைப் பார்க்கவும், மூச்சை நிறுத்தவும், விசையை வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல அழுத்தவும் தெரிந்தவனுடைய ரவை நடுவில் விழும், தெரியாதவனுடையது விலகும். இதில் அப்பன் யார், பாட்டன் யார், கோத்திரம் என்ன என்று ரவை எங்கே விசாரிக்கிறது? ஐந்து ரவையும் நடுவை விட்டு விலகி, ஆனால் ஒரே இடத்தில் கும்பலாய் விழுந்திருந்தால் கோளாறு துப்பாக்கியின் குறியில். அதைத் திருத்த வேண்டும். ஐந்தும் ஐந்து திசையில் சிதறியிருந்தால் கோளாறு சுட்டவர் கையில். அவருக்கு இன்னும் கற்றுக் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் பரிகாரம் உண்டு. "ரத்தத்தில் இல்லை" என்று ஒரு வியாதி இந்தச் சாஸ்திரத்தில் கிடையாது.

ஆனால் இந்த ரத்தப் பேச்சு கனவான் கண்டுபிடித்ததல்ல, மிகப் பழைய சரக்கு. மகாபாரதத்துத் துரோணரை எடுத்துக் கொள்ளுங்கள். வேடர் குலத்து ஏகலைவன் வில் வித்தை கற்க வந்தான். குலத்தைக் காரணம் காட்டிச் சேர்த்துக் கொள்ளவில்லை. அவன் மண்ணில் ஒரு பொம்மையைச் செய்து வைத்துக்கொண்டு தானே கற்று, குரைத்த நாயின் வாயில் ஏழு அம்பு எய்து அடைத்தான். பரம்பரை வித்தை என்பது நிஜமானால் அவனுக்கு அது வந்திருக்கக் கூடாதல்லவா? வந்துவிட்டது! வந்ததைக் கண்ட குரு என்ன செய்தார்? வலது கட்டைவிரலைக் கேட்டு வாங்கிக் கொண்டார். ரத்தத்தில் இல்லாததைக் கட்டைவிரலில் தேடி அறுப்பானேன்? பயமில்லாதவன் விரலை அறுப்பானா? இந்தக் கதையைப் பாராயணம் செய்கிற நாட்டில், விளையாட்டுப் பயிற்சி கொடுப்பவர்களுக்கு 1985 முதல் சர்க்கார் கொடுத்துவரும் பரிசுக்குத் துரோணாச்சாரியார் பெயர். துப்பாக்கி சுடக் கற்றுக் கொடுத்தவர்களும் அதைப் பெற்றிருக்கிறார்கள். அவர்கள் நல்லாசிரியர்களாகவே இருக்கட்டும். கற்றுக் கொடுக்க மறுத்தவர் பெயரா கற்றுக் கொடுத்தவர்களுக்கு வைக்கக் கிடைத்தது?

வெள்ளைக்காரனும் இதில் சளைத்தவனல்ல. 1881 முதல் 1885 வரை சென்னைப் பட்டாளத்துக்குத் தளபதியாயிருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டார் சண்டைக்கு லாயக்கில்லாத ஜாதியார் என்று தீர்மானம் செய்தார். பிறகு அவரே இந்தியா முழுமைக்கும் தளபதியானார். சென்னைக் காலாட்படைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் குறைத்தும் கலைத்தும், வடக்கே "வீர ஜாதி" என்று சிலரைப் பொறுக்கி எடுத்தும் பட்டாளம் கட்டினார்கள். இரண்டாவது உலக யுத்தம் வந்து ஆள் தட்டுப்பட்டதும் 1941இல் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மறுபடியும் எழுப்பப்பட்டது. லாயக்கில்லாத ரத்தம் ராத்திரியோடு ராத்திரியாக லாயக்கான ரத்தம் ஆனது எந்த வைத்தியத்தால்? ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரில் இருக்கும் மெட்ராஸ் ஸாப்பர் படைக்காரர்களைப் பார்த்து எவரேனும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கட்டும்.

பழைய கதை ஏன் என்பீர்கள். எல்லைக்கு அப்பால் இன்றைக்கும் நடப்பதைச் சொல்லுகிறோம். 1861இல் குடகு நாட்டாருக்கு, கம்பெனியிடம் காட்டிய விசுவாசத்துக்காக, ஆயுதம் வைத்துக் கொள்ள உரிமம் வேண்டியதில்லை என்று வெள்ளைக்காரன் சலுகை கொடுத்தான். குடகு ஜாதியில் பிறந்தவர்களுக்கும், ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் அந்தச் சலுகை இன்னும் இருக்கிறது. 2019இல் இந்திய சர்க்கார் அதை 2029 வரை நீட்டிற்று. வழக்குப் போட்டார்கள், 2021இல் கர்நாடக ஹைக்கோர்ட்டு அது சரிதான் என்றது. குடகர்கள்மேல் நமக்குக் கோபம் ஒன்றுமில்லை. அவர்களில் நல்ல வீரர்களும் தளபதிகளும் உண்டு. நாம் கேட்பது சட்டத்தை. அஞ்செட்டி மலையில் காட்டுப்பன்றிக்கும் யானைக்கும் நடுவில் ராகிக் கொல்லையில் இரவெல்லாம் கண்விழிக்கும் விவசாயி, பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கி கேட்க 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் 13ஆவது பிரிவில் இடம் இருக்கிறது. ஆனால் அவன் மனுப்போட்டு, விசாரணைக்கு நின்று, 2016ஆம் வருஷத்து விதிகளின்படி பயிற்சிச் சான்றும் காட்ட வேண்டும். காட்டட்டும், அது நியாயம். பயிற்சியில்லாதவன் கையில் துப்பாக்கி இருந்தால் அவன் வீட்டுக்கே ஆபத்து. இந்த மலைகளில் திருட்டுத்தனமாய்ச் செய்த நாட்டுத் துப்பாக்கி எத்தனை குடும்பத்தைக் கெடுத்திருக்கிறது என்பதை அந்த ஊர்க்காரர்களே சொல்லுவார்கள். நம் கேள்வி ஒன்றுதான்: கிருஷ்ணகிரிக்காரனுக்குப் பயிற்சி அவசியமானால், பிறப்பு மட்டும் வேறொருவனுக்குப் பயிற்சியும் உரிமமும் ஆகிவிடுவது எப்படி?

உலகத்தைப் பாருங்கள். 1939-40 குளிர்காலத்தில் ருஷியா படையெடுத்தபோது, மைனஸ் நாற்பது டிகிரிக் குளிரில், பனியில் படுத்துக் குறி தவறாமல் சுட்டுப் பெயரெடுத்த பின்லாந்துக்காரர் ஸிமோ ஹாய்ஹா ஒரு குடியானவர். ஊர்க்காவல் படையில் பழகினவர். அவருடைய துப்பாக்கியில் தொலைநோக்கிக் கண்ணாடிகூடக் கிடையாது. மூச்சு ஆவி எதிரிக்குத் தெரியாதிருக்க வாயில் பனியை அடக்கிக் கொள்வாராம். கெட்ட வானிலைக்கு அவர் கண்ட பரிகாரம் அது, பூசணிக்காய் அல்ல. ருஷியப் பெண் லியுட்மிலா பாவ்லிச்சென்கோ, கீவ் நகர ஆயுதத் தொழிற்சாலையில் சாணை மிஷினில் வேலை செய்த கூலிக்காரி. வேலை நேரம் போகச் சங்கத்தில் சுடக் கற்றுக் கொண்டவர். 309 நாஜி சிப்பாய்களை வீழ்த்தியதாக அவர் பேரில் கணக்கு. ஸ்விட்சர்லாந்தில் வருஷந்தோறும் ஒரு வாரக் கடைசியில் ஊரூராய்க் குறி சுடும் திருவிழா நடக்கிறது. லட்சம் பேருக்கு மேல் கலந்து கொள்கிறார்கள். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர்த் துப்பாக்கிப் போட்டியில் வெண்கலப் பதக்கம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே, கோல்ஹாப்பூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர். நம் கடலூரில் 1999இல் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவுக்கும் பாரிஸுக்கும் ஒலிம்பிக் சுடப் போனார். ஓசூர் ஆலைகளில் கைக்கடிகாரத்துச் சக்கரங்களை மயிரிழை பிசகாமல் பொருத்துகிற பெண்களின் கை, துப்பாக்கியைப் பிடித்தால் மட்டும் நடுங்கிவிடுமா?

"நமக்குத் துப்பாக்கி எதற்கு? அஹிம்சை இல்லையா?" என்று சிலர் கேட்கக்கூடும். கொலை செய்ய யாரையும் நாம் அழைக்கவில்லை. போலீசிலும் பட்டாளத்திலும் உத்தியோகம் என்றால் என்.ஸி.ஸி. சான்றுக்கும் விளையாட்டுச் சான்றுக்கும் மதிப்பு இருக்கிறது. அந்தச் சான்றுக்குப் போகிற வழியில் ஒரு ஏழைப் பிள்ளையைச் சேற்றில் தள்ளி, "உன் ரத்தம் சரியில்லை" என்று வீட்டுக்கு அனுப்புவதுதான் ஹிம்சை.

மழைக்கு வழி இல்லாமலும் இல்லை. காற்றுத் துப்பாக்கிப் பந்தயத்தின் தூரம் 10 மீட்டர். ஒரு பள்ளிக்கூட ஹாலோ கலியாண மண்டபமோ போதும், குறைந்த சக்தியுள்ள.177 காற்றுத் துப்பாக்கிக்கு உரிமமும் வேண்டியதில்லை. அதன் நடுக்குறி அரை மில்லிமீட்டர்ப் புள்ளி; அதில் தேறினவர் வெளியே எந்த மழையிலும் தேறுவார். ஓசூர், கிருஷ்ணகிரி, பர்கூர்த் தோழர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் வாரம் ஒரு மாலை இதை நடத்தலாம்.

அதற்குள் வேறெங்காவது பணம் கட்டுவதானால், கட்டுமுன் மூன்று விஷயம் கேளுங்கள். ஆளுக்கு எத்தனை ரவை? மழையால் நின்றால் மறுநாள் உண்டா? முதல் ரவை எத்தனை மணிக்கு? பதிலை எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள். சனிக்கிழமை ஒன்பது மணி என்று எழுதிக் கொடுத்திருந்தால், ஒன்பது மணிக்குத் தரைவிரிப்பைப் போட்டுப் படுத்துக்கொண்டு துப்பாக்கியைக் கேளுங்கள்.