மறுத்தவருக்குப் பெயரில்லை

மோர்மன்கள் அன்பானவர்கள், யூட்டாவில் குடிபுகுந்தால் முதலில் உணவோடு வந்து நிற்பவர்கள் அவர்களே என்று அங்கே படித்துத் திரும்பிய தோழர்கள் சொல்கின்றனர். (பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதே முழுப்பெயர், ‘மோர்மன்’ என்பதைத் தவிர்க்குமாறு சபை 2018 முதல் வலியுறுத்துகிறது. வசதி கருதிப் பழைய பெயரையே ஆள்கிறேன்.) அன்பை நான் மறுக்கவில்லை. மதம் மாறமாட்டேன் என்று சொன்ன மறுநாளும் அந்த உணவு வருமா என்பதே என் வினா.

இவ்வினா சபையின் எதிரிகள் கட்டியது அன்று. அப்போஸ்தலர் எம். ரஸ்ஸல் பல்லார்டு 2001 அக்டோபர் பொது மாநாட்டில், நம் சபையார் அல்லர் என்பதற்காகவே அண்டை வீட்டுக் குழந்தையோடு தம் பிள்ளைகளை விளையாடவிடாத பெற்றோரைப் பற்றிக் கேள்விப்பட்டதாகச் சொல்லிக் கடிந்துகொண்டார். நட்பை வேறொன்றை அடையும் வழியாக ஒருபோதும் அளிக்கக் கூடாது என்றார். ‘நான்-மெம்பர்’, ‘நான்-மோர்மன்’ ஆகிய சொற்களையும் கைவிடச் சொன்னார். எங்கும் நடவாததை எவரும் மாநாட்டு மேடையேறிக் கண்டிப்பதில்லை.

மொழியியல் பயின்ற எனக்கு அச்சொற்களே முதன்மையாகப் படுகின்றன. பழைய யூட்டாவில் வெளியார் அனைவரும் ‘ஜென்டைல்’. 1916இல் ஆளுநராகத் தேர்வான சைமன் பாம்பர்கர் யூதர். அவ்வழக்கின்படி அவரும் ஜென்டைலே! ஊழியரிடம் பாடம் கேட்பவர் நெடுங்காலம் ‘இன்வெஸ்டிகேட்டர்’. இப்போது பெரும்பாலும் ‘ஃபிரெண்ட்’. இம்மாற்றத்தைப் பண்பாடு என்று பலர் பாராட்டுகின்றனர். எனக்கு இதுவே அதிகம் உறுத்துகிறது. ‘ஜென்டைல்’ வேலி போட்டது. ஆனால் வேலிக்கு வெளியே நின்றவரை அவர் போக்கில் விட்டது. ‘நண்பர்’ என்பதே மதமாற்றப் பாதையின் ஒரு படிக்குப் பெயரானபின், வெறும் நண்பரை எப்படி அழைப்பது? கேட்டு, எண்ணிப் பார்த்து, வேண்டாம் என்றவருக்கு இச்சொற்கோவையில் இடமே இல்லை. அவர் ‘இன்னும் வராதவர்’, அவ்வளவே.

1838இல் மிசௌரி ஆளுநர் மோர்மன்களை அழிக்கவோ விரட்டவோ ஆணையிட்டாரே என்பீர்கள். அறிவேன். விரட்டப்பட்ட சிறுபான்மை, தான் பெரும்பான்மையாகும் ஊரில் எப்படி நடக்கிறது என்றுதான் கேட்கிறேன். இதை இங்குள்ள மதமாற்றத் தடைச் சட்டங்களுக்குச் சான்றாக்க விரைவோர் சற்றே நிற்க: அழைக்கும் உரிமை அவர்களுக்கு முழுமையாக உண்டு.

ஆனால் மறுப்பு மரணத்தோடும் முடிவதில்லை. இறந்தோர்க்காகப் பதிலாள் ஞானஸ்நானம் பெறுகிறார். அந்த ஆன்மா ஏற்கலாம், மறுக்கலாம் என்கிறது சபை. உயிரோடிருந்தபோது தம் மதத்திலேயே நின்றவரிடம் மீண்டும் ஏன் கேட்க வேண்டும்? நாஜிப் படுகொலையில் மாண்ட யூதர்களின் பெயர்களை இச்சடங்கிலிருந்து விலக்க 1995இல் உடன்பாடு ஏற்பட்டது. அதன் பின்னும், சைமன் வீசெந்தாலின் பெற்றோருக்கு அச்சடங்கு நடந்ததற்காக 2012இல் சபை மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.