இரண்டு தடுப்பு மருந்தை ஒரே தண்ணீரில் கலக்கலாமா?

கேள்வி: வீட்டில் 150 நாட்டுக்கோழிக் குஞ்சு வளர்க்கிறோம். இருவரும் பனியன் கம்பெனிக்குப் போவதால் ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. லசோட்டாவையும் ஐ.பி. மருந்தையும் தனித்தனியே வாங்கி, ஒரே தண்ணீரில் கலந்து கொடுத்தோம். ஒன்றரை மாதத்தில் வெள்ளைக்கழிச்சல் வந்து 90 குஞ்சு போய்விட்டது. மருந்து போலியா?
– வாசகர், பல்லடம் வட்டம்

பதில்: மருந்து நல்லதாக இருந்தாலும் இப்படி நடக்கலாம். இவை இரண்டும் உயிருள்ள வைரஸ் மருந்துகள். கோழியின் உடலில் பெருகினால்தான் எதிர்ப்புச் சக்தி உண்டாகும். ஐ.பி. வைரஸ் மூச்சுக்குழலின் உள்தோலில் பெருகும்போது, அதே இடத்தில் லசோட்டா வைரஸ் சரியாகப் பெருகாது.

1957இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இருவர் இதன் ஒரு காரணத்தைக் கண்டறிந்தனர். கோழி முட்டையின் கருச்சவ்வுத் துண்டுகளில், சூட்டில் செயலிழந்த இன்ஃபுளூயன்சா வைரஸை முதலில் விட்டனர். பிறகு விட்ட உயிருள்ள வைரஸ் அதில் வளரவில்லை. முதல் வைரஸ் பட்ட செல்கள் ஒரு பொருளைச் சுரந்து, பக்கத்துச் செல்களைக் காத்திருந்தன. அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயரிட்டனர்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். கம்போரோ வைரஸ் எதிர்ப்புச் சக்தி தரும் உறுப்பையே கெடுப்பதால், பின்னால் வரும் கழிச்சல் வைரஸ் தடையின்றிப் பெருகும்.

கம்பெனியே சேர்த்துத் தயாரித்த கூட்டு மருந்தில் இரண்டின் அளவும் சரிபார்க்கப்பட்டிருக்கும். வீட்டில் கலப்பதுதான் தவறு. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரும் வெயிலில் வைத்த மருந்தும் பலன் தராது.

7ஆம் நாள் லசோட்டா அல்லது எஃப்1 கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு, 14ஆம் நாள் கம்போரோ, 28ஆம் நாள் மீண்டும் லசோட்டா, 8ஆம் வாரம் ஆர்2பி ஊசி என்பது நாட்டுக்கோழிக்குப் பொதுவான முறை. ஐ.பி. மருந்து தேவையா, எத்தனை நாள் இடைவெளியில் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும். கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் கோழிக்கழிச்சல் இருவார முகாமில் ஊசி இலவசம்.

இனிக் குஞ்சு இறந்தால் உடனே புதைத்துவிடாமல், ஒன்றைக் கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்று பரிசோதிக்கவும். காரணம் உறுதியானால் அடுத்த ஈட்டைக் காப்பாற்றலாம்.