20 மில்லிகிராம் போதுமா? மும்பை புற்றுநோய் ஆய்வு சொல்வது என்ன?

வாய், நாக்கு, தொண்டை, குரல்வளை ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்களைத்தான் 'தலை, கழுத்துப் புற்றுநோய்' என்கிறார்கள் மருத்துவர்கள். புகையிலையும் பாக்கும் மெல்லும் பழக்கத்தால் இந்தியாவில் இது அதிகம். ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடிந்த பிறகும் பலருக்கு நோய் திரும்ப வந்துவிடுகிறது. அதற்கப்புறம் என்ன செய்வது?

இம்யூனோதெரபி ஒரு வழி. உடலைக் காக்கும் டி செல்களில் பிடி-1 என்றொரு பிரேக் இருக்கிறது. புற்றுநோய் அதை மிதித்து டி செல்களை நிறுத்திவிடும். நிவோலுமாப் மருந்து பிரேக்கில் கால் படாமல் மறைத்துக்கொள்கிறது. 2016இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், இந்த மருந்து பெற்றவர்களில் 36 சதவீதம் பேர் ஓராண்டு தாண்டி உயிரோடு இருந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் அது 16.6 சதவீதம்தான்.

நல்ல மருந்துதான், ஆனால் விலை? இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம் ஏற்ற வேண்டும். இந்தியாவில் மிகச் சிலருக்கே கட்டுப்படியாகும்.

இங்கேதான் மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் வேறு கேள்வி கேட்டார்கள். பிடி-1ஐ அடைக்கக் கொஞ்சம் மருந்தே போதும் என்று முந்தைய ஆய்வுகள் காட்டியிருந்தன. அப்படின்னா டோஸைக் குறைத்தால் என்ன? மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம். ஆறு வாரக் கணக்கில் 720 எங்கே, 40 எங்கே!

குணப்படுத்த முடியாத நிலையில் இருந்த 151 பேர் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். எல்லோருக்கும் மெத்தோட்ரெக்ஸேட், செலகாக்சிப், எர்லோடினிப் என்ற மூன்று மாத்திரைகள். ஒரு பிரிவுக்கு மட்டும் கூடுதலாக 20 மில்லிகிராம் நிவோலுமாப். ஓராண்டு கழித்து, மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதம். ஊசியும் பெற்றவர்களில் 43.4 சதவீதம். கடுமையான பக்கவிளைவுகளும் கூடவில்லை. நோயாளிகள் வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவு 6.7 மாதத்திலிருந்து 10.1 மாதமானது. மூன்றரை மாதம்கூட முழுதாக இல்லை என்று தோன்றலாம். இந்த நோயில் அதுவே பெரிது.

ஒன்றைக் கவனிக்கணும். இந்த ஆய்வில் முழு டோஸ் பெற்ற பிரிவே கிடையாது. எனவே 'ஒன்றுமே இல்லாததற்கு 20 மேல்' என்பது மட்டும்தான் நிரூபணம். '240க்கு 20 சமம்' என்பதல்ல. வசதி உள்ளவர் இதை வைத்து முழு டோஸை விட்டுவிட முடியாது. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடும் ஆய்வு வேண்டும். மருந்து குறைவாக விற்கும் ஆய்வுக்கு எந்தக் கம்பெனி பணம் போடும்? அரசும் பொது மருத்துவமனைகளும்தான் முன்வர வேண்டும்.

நடைமுறையில் இன்னொரு சங்கடமும் உண்டு. சிறிய குப்பியிலேயே 40 மில்லிகிராம் இருக்கிறது. திறந்தால் நாள்கணக்கில் வைத்திருக்க முடியாது. மிச்சம் வீணாகாமல் இருக்க, ஒரே நாளில் இரண்டு நோயாளிகளை வரச்சொல்லி ஒரு குப்பியைப் பகிர வேண்டும்.