மூழ்குவது வேறு, சிக்குவது வேறு

“எந்நேரமும் கேம்தானா?” என்று வீட்டில் திட்டு வாங்காத மாணவர்கள் குறைவு. பெற்றோர் கணக்கிடுவது நேரத்தை. ஆனால், எத்தனை மணி நேரம் விளையாடினோம் என்பதைவிட, எது நம்மை அங்கே பிடித்து வைத்தது என்பதே முக்கியம் என்பது என் கருத்து.

டெட்ரிஸ் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கியது. விழும் துண்டுகளை இடைவெளியின்றி அடுக்க வேண்டும். போகப் போக வேகம் கூடும். அவ்வளவுதான். திறமைக்கு ஏற்ற சவால், தெளிவான இலக்கு, செய்ததன் பலன் உடனே தெரிவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் மனம் ஒரு செயலில் முழுமையாக ஒன்றிவிடும் என்று உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய் விளக்கினார். சதுரங்கம் ஆடுவோரிடமும் மலையேறுவோரிடமும் அவர் இதைக் கண்டார். இப்படி மூழ்குவதில் உண்மையான மகிழ்ச்சி உண்டு.

இன்றைய திறன்பேசி விளையாட்டுகள் பலவற்றில் வேறொரு பிடியும் இருக்கிறது. தினமும் உள்ளே நுழைந்தால் பரிசு. ஒரு நாள் தவறினால் தொடர் வரிசை அறுந்துவிடும். என்ன இருக்கிறது என்று தெரியாத பரிசுப் பெட்டி வேறு. இவையும் நம்மை ஈடுபடுத்துகின்றன. மகிழ்ச்சிப்படுத்துகின்றனவா?

மூளையில் ‘வேண்டும்’ என்ற உந்துதலும் ‘பிடிக்கிறது’ என்ற இன்பமும் ஒன்றல்ல என்று அமெரிக்க நரம்பியல் அறிஞர் கென்ட் பெரிட்ஜின் ஆய்வுகள் காட்டின. மூளையில் டோப்பமின் என்ற வேதிப்பொருளை ஏறக்குறைய முழுவதுமாக இழந்த எலிகள் உணவைத் தேடிச் செல்லவில்லை. ஆனால், இனிப்பை வாயில் வைத்தபோது அதை ரசித்ததற்கான முகக்குறிகளைக் காட்டின. டோப்பமின் கூடியபோதோ உந்துதல் மட்டுமே கூடியது; இன்பம் கூடவில்லை. சலிப்பு தட்டிய பிறகும் சிலர் விளையாட்டை மூட முடியாமல் தவிப்பதை இதைக் கொண்டு ஓரளவு புரிந்துகொள்ளலாம்.

பரிசு கிடைப்பதும் மகிழ்ச்சிதானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால், பரிசுக்காக மட்டுமே நுழையும் நாளில் அது விளையாட்டாக இருப்பதில்லை; வருகைப் பதிவேடாகிவிடுகிறது.

மாணவர்களே, இன்று விளையாட்டைத் திறக்கும் முன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: “இன்றைய பரிசை எடுத்துவிட்டால் நான் இதை விளையாடுவேனா?” ஆம் என்றால், பாடங்களை முடித்துவிட்டு மகிழ்ச்சியாக விளையாடுங்கள். இல்லை என்றால், அந்த நேரத்தை உங்களுக்குப் பிடித்த வேறொன்றுக்குக் கொடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். “எவ்வளவு நேரம் விளையாடினாய்?” என்பதோடு, “இன்று அதில் எது பிடித்தது?” என்றும் கேளுங்கள். பிள்ளையின் பதிலில் உங்களுக்கு நிலைமை புரிந்துவிடும்.