கோட்டைச் சுவரில் ஓர் அரசங்கன்று

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெரு அண்ணாச்சிமார்களுக்கும், ஆரியசாலை, கிள்ளிப்பாலம், கரமனைச் சொந்தங்களுக்கும்,

ஜெர்மனியில் நூரம்பர்க் நகரத்திலிருந்து எழுதுகிறேன். பழைய பாத்திரக்கடைக்காரர் மகன் என்றால் உங்களுக்குத் தெரியும். அந்தக் கடையில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள்.

போன மாதம் ஊருக்கு வந்திருந்தபோது, கிழக்கே கோட்டை வாசலுக்குத் தெற்கே, மதிலின் கல்லிடுக்கில் ஓர் அரசங்கன்று நிற்பதைப் பார்த்தேன். முழங்கை உயரம்தான் இருக்கும். அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மழைக்குத் தெருவே முங்குகிறது, வியாபாரம் படுத்துக்கிடக்கிறது, இவன் செடியைப் பற்றிப் பேச வந்துவிட்டான் என்பீர்கள். ஆமாம், செடியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

திரும்பி வந்த வாரமே ரோத்தன்பர்க் போனேன். இங்கிருந்து ரயிலில் போய் வரக்கூடிய ஊர். இடைக்காலத்து மதில் ஊரைச் சுற்றி இன்னும் நிற்கிறது. மதில்மேல் கூரை போட்ட நடைபாதையில் வெகுதூரம் நடக்கலாம். 1945 மார்ச் 31 அன்று விழுந்த குண்டுகளில் ஊரின் ஒரு பெரிய பகுதியும் மதிலில் ஒரு நீளமும் தகர்ந்து போயின. போருக்குப் பிறகு, மதிலுக்கு மீட்டர் கணக்கில் நன்கொடை கேட்டார்கள். கொடுத்தவர் பெயரையும் எத்தனை மீட்டர் என்பதையும் கல்லில் வெட்டிச் சுவரிலேயே பதித்திருக்கிறார்கள். அமெரிக்கர், ஜப்பானியர் பெயரெல்லாம் இருக்கிறது. எங்கோ இருக்கும் ஒருவர் அந்த ஒரு மீட்டர் சுவரைத் தம்முடையதாக நினைத்திருக்கிறார். அந்தக் கல்லைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

நம் மதில் யாருடையது? உங்களில் ஒருவரிடம் செடியைக் காட்டினேன். "அது மகாராசா கோட்டை மக்கா, சர்க்கார் பாத்துக்கிடும்" என்றார். அவரைக் குறை சொல்ல வரவில்லை. ரோத்தன்பர்க்கில் சந்தை மதிலுக்கு உள்ளே இருக்கிறது. நமக்கோ கோயிலும் அரண்மனையும் உள்ளே, கடைத்தெரு வெளியே. திவான் ராஜா கேசவதாஸ் சாலைக் கம்போளத்தை அமைத்த காலத்திலிருந்தே அப்படித்தான். ஆனாலும் உள்ளே உலைக்குப் போன அரிசியும் பருப்பும் வெளியே நம் தராசில் நின்றுவிட்டுத்தானே போயின? 1956இல் மாநிலங்கள் பிரிந்தபோது கல்குளமும் விளவங்கோடும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் தமிழ்நாட்டுப் பக்கம் போக, நாம் கேரளப் பக்கம் நின்றோம். எழுத்தாளர் ஆ. மாதவன் இதே தெருவில் கடையில் உட்கார்ந்துகொண்டுதான் நம்மைக் கதையாக எழுதினார். இத்தனைக்குப் பிறகும் அது வேறு யாருடைய சுவராகவோ இருக்க முடியுமா?

அரசு சாமிமரம், வெட்டக்கூடாது என்று பெரியவர்கள் தயங்குவதும் எனக்குத் தெரியும். காக்கை எச்சத்தில் விழுந்த விதை அது. சாந்துக்குள் வேர் இறங்கும், வேர் பருக்கப் பருக்கக் கல் விலகும், விலகிய இடத்தில் மழைநீர் இறங்கும். மேலாக ஒடித்தால் இரண்டாகத் தழைக்கும். வேரோடு எடுத்து, இடுக்கைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும். சிமெண்ட் பூசிவிடாதீர்கள். சுண்ணாம்புக் கட்டுக்குள் இறங்கிய ஈரத்தை அது வெளியே விடாது. எடுத்த கன்றை ஆற்றங்கரையில் நட்டால் பாவமும் இல்லை.

இங்கே என் தெருவில் ஒரு பழைய கல்படி உடைந்தபோது நகரசபைக்கு எழுதினேன். பத்தாம் நாள் ஆள் வந்தது. அதைப் பெருமையாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். சாலைக் கடைத்தெருவில் இருபத்தைந்து வருஷம் இருந்தேன். அப்போது எதற்காகவும் ஒரு வரி எழுதியதில்லை. அப்பா போனதும் கடையைக் கைமாற்றிவிட்டு வந்தேன். தெருவில் நிற்பவர்கள் நீங்கள்தான். அதனால் கேட்கிறேன்.

உரிய அலுவலகத்துக்கு நான் எழுதியாகிவிட்டது. வெளிநாட்டு விலாசத்திலிருந்து போன ஒரு கடிதம் அது. கடைத்தெருவிலிருந்து நாலைந்து பேர் நேரில் போய் நின்றால் அது வேறு. சாந்துக்கும் கொத்தனார் கூலிக்கும் ஆகும் பணத்தை நான் அனுப்புகிறேன். சுவரில் என் பெயர் எங்கும் வேண்டாம். நவராத்திரிக்கு வேளிமலைக் குமாரசுவாமி விக்கிரகம் ஊர்வலமாக ஆரியசாலைக்கு வருவதற்குள் வேலை முடிந்தால் நல்லது. கன்று வாசலுக்குத் தெற்கே, தலைக்கு மேல் ஒரு முழத்தில் இருக்கிறது. நான் பார்த்தபோது ஏழு இலை.