உடம்பில் உள்ள இரும்பை மறைக்காதீர்கள்



கலஹா தோட்டமொன்றில் பிறந்த அக்கா ஒருவர், 1977 கலவரத்தின் பின் பெற்றோருடன் வன்னிக்குப் போனார். 2009இல் யுத்தம் முடிந்தபின் எல்லாவற்றையும் இழந்து திரும்பி வந்தார். முதுகில் ஷெல் துண்டொன்று இன்னும் இருக்கிறது. முதுகு வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னபோது என்னிடம் வந்தார்.

"துண்டு இருக்குனு சொன்னா எங்க இருந்த, என்ன செஞ்சனு கேப்பாங்களே தங்கச்சி. சொல்லாமலே எடுத்துக்கவா?"

சொல்லத்தான் வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

எம்.ஆர்.ஐ. இயந்திரம் மிகப் பெரிய காந்தம். அதன் வலு பொதுவாக 1.5 அல்லது 3 டெஸ்லா. இது பூமியின் காந்தத்தை விடச் சுமார் 30,000 மடங்கும் அதற்கு மேலுமாகும். படம் எடுக்காத நேரத்திலும் அந்தக் காந்தம் இழுத்துக்கொண்டே இருக்கும். ஷெல்லின் கோது பெரும்பாலும் உருக்கு. கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் ஆகியவற்றின் அருகே இருக்கும் உருக்குத் துண்டு அசைந்தால் ஆபத்து. ஈயமும் செம்பும் அப்படி இழுபடாது.

எக்ஸ்ரேயில் தெரியாதா? துண்டு இருக்கும் இடம் தெரியும். ஆனால் உருக்கும் ஈயமும் படத்தில் வெள்ளையாகவே விழும். காந்தம் இழுக்குமா என்பதைப் படம் சொல்லாது.

அதை அறியவும் விஞ்ஞானத்தில் வழியுண்டு. 1987இல் கிசெலா ஷூட்ஸ் என்ற ஜேர்மன் பெண் விஞ்ஞானியும் அவரது குழுவினரும் காந்தமூட்டிய இரும்பினூடாக விசேட எக்ஸ் கதிரைச் செலுத்தினர். காந்தத்தின் திசையை மாற்றியபோது இரும்பு உறிஞ்சும் கதிரின் அளவும் சிறிது மாறியது. பின்னர் பிரான்ஸின் கிரனோபிள் நகர ஆய்வுகூடத்தில் 17 டெஸ்லா வரையான காந்தத்துள் பொருட்களை வைத்து, எந்த அணுவில் காந்தத்தன்மை இருக்கிறது என்று ஆராய்ந்தார்கள். ஆனால் அது ஆய்வுகூட வேலை. ஆஸ்பத்திரியில் நாம்தான் வாய் திறந்து சொல்லவேண்டும்.

பழைய எக்ஸ்ரே படங்களையும் கிளினிக் துண்டுகளையும் பத்திரமாக வைத்திருங்கள். காயம் பட்ட ஆண்டையும் இடத்தையும் சொல்லுங்கள். துண்டு இருக்கும் எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. கூடாது என்பதல்ல, அதை வைத்தியர் தீர்மானிப்பார்.

அக்காவுடன் நானும் போனேன். துண்டு எங்கே, எப்போது பட்டது என்று மட்டும் கேட்டார்கள். பழைய படத்தைப் பார்த்துவிட்டு சி.டி. ஸ்கேனுக்கு மாற்றினார்கள்.

காயம் பட்டது நமது குற்றமல்ல, சகோதரிகளே. அதைச் சொல்வதற்கு ஏன் அஞ்சவேண்டும்?