ஓடாவி வேலை தண்டனையல்ல



ஓ.எல். பெறுபேறு வந்தால் எமதூரில் கேட்கும் பேச்சு இது: "கணக்குப் பாஸாகல்லியா? ஓடாவி வேலைக்காவது போகட்டும்." அந்த 'ஆவது' பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

மலையகத்துத் தோட்டப் பங்களாக்களின் சாய்மனைக் கதிரையை நாம் கண்டிருக்கிறோம். அதன் வளைந்த பாகங்கள் பெரும்பாலும் நேரான பலகையிலிருந்து அறுத்து எடுக்கப்படுபவை. வளைவு எங்கே மரத்தின் நாரைக் குறுக்காக வெட்டுகிறதோ, அங்கேதான் பின்னொரு நாள் முறியும். அதனால் நார் வளைவோடு சேர்ந்து ஓடும் பலகையைத் தெரிவுசெய்வதுதான் முதல் வேலை.

அடுத்தது சீவுதல். குழிவான வளைவில் இரு மேட்டிலிருந்தும் நடுப்பள்ளம் நோக்கிச் சீவ வேண்டும். ஒரே இழுப்பில் பள்ளத்தைத் தாண்டினால் கத்தி நாருக்குள் புகுந்து மரத்தைப் பிய்த்துவிடும். குவிந்த வளைவில் உச்சியிலிருந்து இரு பக்கமும் இறங்க வேண்டும். பிறகு 80, 120, 180 என்று சேன்ட் பேப்பர், அதுவும் நாரின் போக்கில். ஈரத்துணியால் துடைத்தால் அமுங்கிய நார் எழும்பும். காய்ந்ததும் திரும்பத் தேய்க்க வேண்டும். மிஞ்சிய மேடு பள்ளத்தைக் கண்ணைவிட விரல்தான் கண்டுபிடிக்கும்.

மெஷின் இருக்கிறதே என்பார்கள். உண்மைதான், ஒரே வளைவை நூறு தடவை அது அறுக்கும். எந்தப் பலகையை அதற்குக் கொடுப்பது என்பதை மனிதன்தான் தீர்மானிக்க வேண்டும். நாம் வகுப்பில் படிப்பிக்கும் சாய்வும் சமச்சீரும் இதற்குள்தான் இருக்கின்றன.

எம்பெக்க தேவாலயத்தின் 14ஆம் நூற்றாண்டு மரத்தூண்களைக் காட்டப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்கிறோம். செதுக்கியவர்களைக் கலைஞர்கள் என்கிறோம். பக்கத்து வீட்டு ஓடாவிக்குப் பெண் கொடுக்க மட்டும் யோசிக்கிறோம். ஸகரிய்யா நபி (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வாசிக்கும் சமூகம் நாம்!

பெற்றோரே, விருப்பமுள்ள பிள்ளையை அனுப்புங்கள். தோற்ற பிள்ளையைத் தள்ளிவிடாதீர்கள். தொழிற் பயிற்சி அதிகார சபை, நைட்டா போன்ற இடங்களில் என்.வி.கியூ. சான்றிதழுக்கு வழி இருக்கிறது. பல வருட அனுபவமுள்ள எமது ஓடாவிமாரும், திறமையைச் செய்து காட்டி அதே சான்றிதழைப் பெறலாம். அந்த விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்க ஊர் ஆசிரியர்களாகிய நாம் முன்வருவோம். பள்ளிவாசல் நிர்வாகங்களும் இதற்குத் தோள் கொடுக்கட்டும்.